ஃபராங்கிஸின் ஐந்து நோட்டுகள்

இஸ்ஃபஹான்,
ஆபான் மாதம் 24, புதன்கிழமை.

அன்பு மகள் ஃபராங்கிஸுக்கு அம்மா தூரான் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் ஜம்ஷித், அவன் மகள் தரானே எல்லோரும் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பது முறை. பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

உன் தோழி ஷோலே இந்தக் கவரை உன் கையில் கொடுத்தபோதே கனமில்லையே என்று பார்த்திருப்பாய். உன் ஆய்வு நோட்டுப்புத்தகங்கள் ஐந்தும் இதில் இல்லை. சுற்றி வளைத்து நாலாம் பக்கத்தில் போய்ச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. பெட்டியிலும் அவை இல்லை. முந்தாநாள் திங்கட்கிழமை காலையில் ஐந்தையும் உன் பழைய ஆய்வுக்கூடத்து டாக்டர் அர்ஜொமந்திடம் கொடுத்துவிட்டேன்.

இந்த இடத்தோடு நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய் என்கிறான் ஜம்ஷித். "உன் பொண்ணுதானேம்மா, உன்னை மாதிரியேதான் இருப்பா" என்று கிண்டல் வேறு. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. நான் ஒரு முறை ஒரு காகிதத்தைப் படிக்காமல் விட்டதில் நமக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்தில் எனக்கென்று நீ எழுதிய முதல் கடிதம் போன மாதம் வந்தது. நாலே வரி. "ஐந்து நோட்டுகளையும் ஷோலே வரும்போது கொடுத்து அனுப்பவும். மூலம்தான் வேண்டும், நகல் செல்லாது. அறிவியல் பத்திரிகையார் விசாரணையைத் திரும்பத் தொடங்குகிறார்கள், ஆபான் மாதக் கடைசிக்குள் கேட்கிறார்கள். அவை இருந்தால் அந்தக் கட்டுரை என் வேலை என்று நிரூபித்துவிடலாம்." 'அனுப்பவும்' என்று, கடைக்கு எழுதுவது போல எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்கே பெட்டியைத் திறந்து நோட்டுகளை எடுத்து, துணியால் துடைத்து, கட்டி வைத்தேன். உனக்கு அனுப்பத்தான் கட்டினேன். இதை நீ நம்ப வேண்டும்.

கம்பளிகளுக்கு அடியில், பாச்சை உருண்டை போட்டு, பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தேன். நீ ஹாம்பர்க் போன மறு மாதமே ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பேர் தேடி வந்தார்கள். நான் பெட்டிக்கு முன்னால் தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டேன். தொழுகை முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அன்றைக்கு மாதிரி நீளமாக நான் வாழ்க்கையில் தொழுததில்லை. கடைசியில் அலுத்துப்போய்ப் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேரில் குட்டையானவனைப் போன வருஷம் பேக்கரி வாசலில் பார்த்தேன். சலாம் சொன்னான். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதற்காகக் காத்தேன் என்றால், நீ எட்டு வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கிடையாது, புதுவருஷம் கிடையாது. புதுவருஷத்தின் பதின்மூன்றாம் நாள் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும்போது நீ மட்டும் எதிர்ப்பக்கம் பஸ் ஏறுவாய். செல்களுக்குத் தீனி போட வேண்டும் என்பாய். உன் பெரிய அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அப்படி என்னத்த வளக்குறா உன் பொண்ணு? ஆடா, மாடா? ஒரு நாள் போகலைன்னா கயித்த அத்துக்கிட்டு ஓடிருமா?" கல்யாண வயதை ஒரு தட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்று அதற்கு மேலும் ஒன்று சொன்னாள். அதன்பிறகு அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவள் செத்தபோது போனேன், அழுதேன், சாவு வீட்டில் கொடுக்கும் அல்வாவைத் தொடவில்லை.

ஒரு தடவை உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாய். கண்ணாடித் தட்டில் மாதுளைச் சாறு மாதிரி சிவப்புத் தண்ணீர், அதற்குள் கண்ணுக்கே தெரியாத என்னவோ. ஸ்டெம் செல் என்றால் என்ன என்று கேட்டேன். "இன்னும் என்னவா ஆகணும்னு முடிவு பண்ணாத செல்லும்மா. முப்பது நாள் விடாம கெஞ்சினா இன்சுலின் சுரக்கிற செல்லா மாறும். ஒரு நாள் விட்டா மொத்தமும் போச்சு" என்றாய். பசித்தால் அழுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். "தண்ணி மஞ்சளாகும்" என்றாய். உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதற்கப்புறம் உன்னைப் புதுவருஷத்துக்கு வா என்று நான் கேட்டேனா, யோசித்துப் பார். ஒரே ஒரு வருஷம் கேட்டேன். அதுவும் என் தப்புதான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். இதில் ஒன்றை நாம் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டுரை எழுதி முடித்திருந்தாய். டாக்டர் அர்ஜொமந்தை நான்தான் அழைத்தேன். கீரைக் குழம்பு வைத்தேன். இருபது வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த மனிதர், ஆய்வுக்கூடத்துக்கே தலைவர், நம் வீட்டுக்கு வருகிறார் என்று மூன்று நாள் தரையைத் தேய்த்தேன். வந்தவர், சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று ஜம்ஷித்தோடு மூன்று தடவை உபசாரம் பண்ணிவிட்டுத்தான் நுழைந்தார். சட்டியின் அடியில் பிடித்த மொறுமொறு சோற்றில் பெரிய துண்டை அவரே எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வேலை பூரா உங்க பொண்ணோடது, ஹாஜ் கானும். என் பேர்கூட அதுல தேவையில்ல." நான் மெக்காவுக்குப் போனதே கிடையாது. அவர் மட்டும் என்னை ஹாஜ் கானும் என்பார்.

நீ பேசாமல் இருந்தாய். உன் வேலை உன்னுடையது என்று ஒருவர் சொன்னால் நீ வேறென்ன செய்வாய். எனக்குத்தான் மானம் போனது. பெரிய மனிதர் இவ்வளவு இறங்கி வந்து பேசுகிறார், என் மகள் வளர்ப்பில்லாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று மேஜை விரிப்புக்கு அடியில் உன் முழங்காலைக் கிள்ளினேன். நீ உடனே சொன்னாய்: "அப்படியெல்லாம் சொல்லாதீங்க டாக்டர். எல்லாமே உங்களோடது. நான் வெறும் மாணவி. உங்க பேர்தான் முதல்ல வரணும்."

அவர் மறுக்க வேண்டும். நீ இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அவர் இன்னொரு தடவை மறுக்க வேண்டும். பிறகு பெயர் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அதுதானே முறை. கறிக்கடைக்காரன் "உங்களுக்கு இல்லாததா, காசெல்லாம் எதுக்கு" என்கிறான். அதைக் கேட்டுவிட்டு யாராவது ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்களா? இவர் கட்டினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரி" என்றார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நானே பரிமாறினேன்.

கட்டுரையில் முதல் பெயர் அவருடையது, நாலாவது உன்னுடையது. வெளிநாட்டில் இருந்ததில் இந்த உபசாரமெல்லாம் மறந்துபோயிற்று என்று நீ புகார் கொடுத்த பிறகு அமைந்த விசாரணைக் குழுவிடம் சொன்னாராம். அறை வாசலில் மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது?

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்ட அந்தக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவருக்குத் தாடியில் பாதி நரை. ஓரத்தில் இருந்தவர் பிஸ்தா உரித்துக்கொண்டிருந்தார், தோலை என் பக்கமாகத் தள்ளினார். உங்க பொண்ணு அப்படிச் சொன்னாளா என்று கேட்டார்கள். "சொன்னா, மரியாதைக்குச் சொன்னா" என்றேன். "சொன்னாளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் நரைத்தாடி. சொன்னா என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதியவன் காகிதத்தை நீட்டி, "தொழுகைக்கு நேரமாச்சும்மா, ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றான். நான் நாற்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் நாலாவது வரை படித்தவள். ஒரு பக்கம் படிக்க எனக்குக் கால் மணி நேரமாகும். மூன்று ஆண்களைக் காக்க வைப்பதா என்று வெட்கப்பட்டுப் போட்டுவிட்டேன். 'தன் முழு விருப்பத்தோடு விட்டுக்கொடுத்ததை நேரில் கேட்டேன்' என்று அதில் இருந்தது.

வெளியே வந்ததும் நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "படிச்சுப் பாத்தியாம்மா?" ஆமாம் என்றால் துரோகி, இல்லை என்றால் முட்டாள். எது மேல் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நீ ஹாம்பர்க் போய்விட்டாய். அங்கே உன்னைவிடப் பத்து வயது சிறியவனுடைய கூடத்தில், அவனுடைய செல்களுக்குத் தீனி போடும் உத்தியோகம் பார்க்கிறாய் என்று ஷோலே சொன்னாள்.

நான் கிள்ளியதை நீ குழுவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழவி கட்டாயப்படுத்திச் சொல்ல வைத்தாள் என்றாவது எழுதியிருப்பார்கள். நீ என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருந்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

இனி தரானே. அவளுக்கு ஏழு வயதில் சர்க்கரை வந்தது, நீ கிளம்பிய அதே வருஷம். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் நீ விமானம் ஏறினாய். இப்போது பத்தொன்பது, கட்டடக்கலை படிக்கிறாள், உன்னை மாதிரியே தலையை வாராமல் வெளியே போவாள். ஒரு வருஷமாகச் சர்க்கரை இறங்குவது அவளுக்கே தெரிவதில்லை. முன்பெல்லாம் கை நடுங்கும், வியர்க்கும், ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வாள். இப்போது பேசிக்கொண்டே இருக்கிறாள், அடுத்த நொடி தரையில் கிடக்கிறாள். ஷஹ்ரிவர் மாதம் பஸ்ஸில் விழுந்து முன்பல் பாதி போனது. பத்து நாள் கழித்து அடுப்படியில், கையில் கத்தியோடு விழுந்தாள். ஈறில் தேனைத் தடவ விரலை விட்டேன், பற்கள் கிட்டிக்கொண்டன, தழும்பு இருக்கிறது. கண் விழித்து, "பாட்டி, உன் விரல் உப்புக் கரிக்குது" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், அடுத்தது எங்கே எப்போது என்று சொல்ல முடியாது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று.

இரண்டு வாரத்துக்கு முன்னால் டாக்டர் அர்ஜொமந்த் வந்தார். தரானே கல்லூரிக்குப் போயிருந்தாள், அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். கைத்தடி ஊன்றியிருந்தார், கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. உள்ளே விட்டேன். தேநீர் வைத்தேன், கற்கண்டோ சர்க்கரைக்கட்டியோ வைக்கவில்லை. நம் வீட்டில் பகையாளிக்கும் அப்படிச் செய்ததில்லை, வேண்டுமென்றே செய்தேன். அவர் வெறும் தேநீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நல்லவேளை வைக்கல, ஹாஜ் கானும். எனக்கும் ஆறு வருஷமா சர்க்கரை" என்றார். நான் ஒருவருக்கு ஆசைப்பட்டுச் செய்த அவமரியாதைகூட அவருக்கு உபசாரமாகிவிட்டது.

நோட்டு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. "பன்னெண்டு பேருக்கு அந்த இன்சுலின் செல்லை வெச்சுப் பாக்க அனுமதி கிடைச்சிருக்கு. பதினோரு பேர் எடுத்தாச்சு. சர்க்கரை இறங்குறது தெரியாம விழுறவங்களுக்குத்தான் முதல் இடம். உங்க பேத்தி ஃபைலையும் பாத்தேன்" என்றார். பிறகு, "வெளிய விசாரணை அது இதுன்னு கிளம்பினா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. எனக்கென்ன, நான் கிழவன். உங்ககிட்ட ஏதோ பழைய காகிதமெல்லாம் இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"என் பொண்ணு வளத்ததத்தானே அந்தப் பிள்ளைக்குள்ள வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "அடிப்படை அவங்களோடதுதான்" என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். "எழுதிக் கொடுக்க முடிஞ்சா நான் ஏன் இந்தப் படியேறி வர்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் உண்மை பேசினார் என்று நினைக்கிறேன். போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். மிட்டாய்ப் பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

ஜம்ஷித்திடம் சொன்னேன், கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவன் கத்தவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இராஜ் கிடந்தப்போ எவனாவது வந்து, அஞ்சு நோட்டு குடு, இன்சுலின் தர்றேன்னு சொல்லிருந்தா?"

உன் தம்பி பெயரை இந்த வீட்டில் யாரும் அப்படிச் சட்டென்று சொல்வதில்லை. ஈராக்கோடு நடந்த போரின் ஏழாம் வருஷம் அது. பதினாலு மருந்துக்கடை ஏறி இறங்கினேன், எல்லாவற்றின் பெயரும் இன்னும் வரிசையாகச் சொல்வேன். கிடைத்த ஒரு குப்பி வெயிலில் கிடந்து கலங்கிப்போயிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. நீ பன்னிரண்டு வயது, மூலையில் உட்கார்ந்து அந்தக் காலிக் குப்பியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாய். நீ இந்த வேலையைத் தொடங்கியது அன்றைக்குத்தான். பல்கலைக்கழகத்தில் இல்லை.

அன்று அப்படி ஒருவன் வந்திருந்தால் இந்த வீட்டைக் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் உன்னையும் ஜம்ஷித்தையும்கூடக் கொடுத்திருப்பேன். எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

கொடுப்பதற்கு முன்னால் மூன்று நாள் நோட்டுகளைப் புரட்டினேன். எல்லாம் அந்நிய எழுத்து, எண்கள், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. மூன்றாவது நோட்டில் ஓரத்தில் ஒரு வரி மட்டும் நம் எழுத்தில் இருந்தது. 'இன்று பதின்மூன்றாம் நாள். அம்மா வரச் சொன்னாள், போகவில்லை. எல்லாம் உயிரோடு இருக்கின்றன.' அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். நகலோ துண்டோ எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று, நான் போனில் சம்மதம் சொன்னபோதே அவர் சத்தியம் கேட்டிருந்தார். அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

அவர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, "இனிமே இது பத்திரமா இருக்கும்" என்றார். "இதுவரைக்கும் பத்திரமாத்தான் இருந்துச்சு" என்றேன். அன்று மதியமே ஷோலே நோட்டுகளை வாங்க வந்தாள். நாளை மறுநாள் வா, கட்டி வைக்கிறேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவளைத் திட்டாதே.

முதல் தடவை உன்னை விற்றேன் என்றால் தெரியாமல் செய்தேன். அதற்கு ஒவ்வொரு புதுவருஷப் போனிலும் மன்னிப்புக் கேட்டேன், நீ இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். இந்தத் தடவை படித்துப் பார்த்து, கணக்காகத் தெரிந்து செய்தேன். அதனால் மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்தப் பெயர் திரும்ப வந்தால் உனக்கென்று ஒரு கூடம் கிடைத்திருக்கும் என்று ஷோலே சொன்னாள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் பொய் சொன்னேன்.

வரும் ஆசர் மாதம் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தரானேயை உள்ளே கொண்டுபோகிறார்கள். ஈரலுக்குப் போகும் நரம்பில் ஊசி வழியாக விடுவார்களாம். மயக்கம் கொடுக்க மாட்டார்கள், முழித்திருக்க வேண்டுமாம். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்குப் பயம். நோட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது. ஃபைலைப் பார்த்து எடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறாள். "எங்க அத்தை கண்டுபிடிச்சதத்தான் எனக்கு வைக்கப் போறாங்க" என்று கல்லூரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எந்தக் காகிதத்தில் யார் பெயர் எத்தனாவதாக இருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை.

எனக்குப் போன் பண்ண வேண்டாம். அவளுக்குப் பண்ணு. அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, உங்கள் ஊரில் அப்போது மதியம் இரண்டரை. நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நான் உன்னிடம் கேட்கக் கூடாத ஒன்று இது, தெரிந்துதான் கேட்கிறேன். உள்ளே போகும்போது வலிக்குமா, எத்தனை நாளில் வேலை செய்யத் தொடங்கும், நடந்தால் நகர்ந்துவிடுமா என்றெல்லாம் கேட்பாள். என்னிடம் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவாள்.

எட்டு வருஷம் ஒரு நாள் விடாமல் உழைத்த உன் இரண்டு கைகளுக்கும் ஒரு நோவும் வராதிருக்கட்டும். அந்த ஊரில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். கையுறை இல்லாமல் வெளியே போகாதே.

உன் அம்மா,
தூரான்